கம்பி போட்ட விசில்

கூடல் நகர், மதுரை
7.7.2024

அன்புத் தம்பி பீமாராவுக்கு அக்கா தமிழ்வாணி எழுதுவது.

நானும் அம்மாவும் உன் மாமாவும் நலம். உன் புறாக்களும் நலம். அவற்றைத்தான் முதலில் விசாரிப்பாய் என்று தெரியும். அங்கே குளிர் எப்படி, சளி பிடிக்காமல் இருக்கிறாயா? கைபேசி கொண்டுபோகக் கூடாத மலைச் சாவடியில் பட்டாளம் உன்னைப் போட்டதிலிருந்து அம்மா தபால்காரர் வரும் வழியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். போன வாரம் அவருக்கு மோர் கொடுத்தாள். கடிதம் இல்லை என்று அவர் சொன்னதும் பாதி மோரிலேயே டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

ஒரு செய்தி. எங்கள் வாடிப்பட்டிப் பள்ளியில் தலைமையாசிரியர் ஓய்வு பெற்றார். விழாவுக்காகப் பழைய குழுப் படங்களையெல்லாம் சுவரில் ஒட்டியிருந்தார்கள். எல்லாப் படத்திலும் நான் இருக்கிறேன், எல்லாவற்றிலும் என் கை என் வாயின் மேல் இருக்கிறது. ஒன்றில் கை போதாதென்று சாக்பீஸ் டப்பாவை வைத்து மறைத்திருக்கிறேன். பக்கத்தில் நின்ற மாணவி ஒருத்தி, "டீச்சர், ஒங்களுக்கு அப்ப இருந்தே பல்லு வலியா?" என்று கேட்டாள். பள்ளியிலேயே அதிகம் சிரிக்கிறவள் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் சிரித்து யாரும் பார்த்ததே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

அதனால் பல்லுக்குக் கிளிப் போட்டு இந்த முன்பல் சந்தை மூடிவிடலாம் என்று இருக்கிறேன்.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். அந்தச் சந்து அப்பா நம் இருவருக்கும் கொடுத்தது. அதில் காற்றை விட்டு அடிக்கும் விசிலுக்குத்தான் புறாக்கள் இறங்கும், அதனால்தான் அவற்றை என்னிடம் விட்டுப் போனாய். உன் மாமா விரலை மடக்கி வாயில் வைத்து ஊதிப் பார்த்தார், தெருநாய்தான் வந்தது. சாயங்காலம் திறந்துவிட்டு, இருட்டுமுன் நான் ஒரு விசில் கொடுத்தால் உன் கறுப்புப் புறா இருளாயி முதலில் இறங்குகிறாள், மற்றவை அவள் பின்னால் இறங்குகின்றன. இறங்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். அடுத்த தெரு கருப்பு அண்ணன் தன் மாடியில் கம்பைத் தூவிவிட்டுக் காத்திருக்கிறார். அடுத்தவர் மாடியில் இறங்கிய புறாவைத் திருப்பிக் கேட்கக் கூடாது என்பதுதானே உங்கள் புறாக்காரர்கள் வழக்கம்.

யோசித்து எழுது. கம்பளியை ஒழுங்காகப் போர்த்திக்கொள்.

உன் அக்கா
தமிழ்வாணி

மலைச் சாவடி
25.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பீமா வணங்கி எழுதுவது. நான் நலம். மூக்கு மட்டும் குளிரில் வேறு யாருடையதோ போல் இருக்கிறது. தபால்காரருக்கு முழு மோர் கொடுக்கும்படி அம்மாவிடம் சொல்லவும்.

அக்கா, அது பல் சந்து இல்லை, நம் குடும்ப முத்திரை. அப்பா விசிலுக்கு அலங்காநல்லூர் பேருந்தே நின்றிருக்கிறது. தயவுசெய்து அதில் கை வைக்காதே. நீ எப்படிச் சிரித்தாலும் எனக்கு அழகுதான். கையை எடுத்துவிட்டுச் சிரி, கணக்கு முடிந்தது.

செய்துதான் ஆக வேண்டுமென்றால் கண்ணாடி மாதிரிக் கழற்றி மாட்டும் வகை ஒன்று இருக்கிறதாம். சாயங்காலம் கழற்றி வைத்துவிட்டு விசிலடி. பல் நிறத்தில் பிசின் அப்பி ஒரே நாளில் மூடிவிடுவார்கள், அதற்கு மட்டும் போகாதே. முதலில் வழவழவென்று நன்றாகத்தான் இருக்கும். அப்புறம் ஒரு கொய்யாப்பழத்தைக் கடிக்கக்கூடப் பயமாக இருக்கும்.

அடுத்த சித்திரைத் திருவிழாவுக்கு விடுமுறை கேட்டிருக்கிறேன். நம் மாடியில் நின்று, இருளாயி உன் விசிலுக்கு இறங்கி வருவதைப் பார்க்க வேண்டும். இங்கே பனியில் நிற்கும்போது நான் நினைத்துக்கொள்வது அதைத்தான்.

மாமாவுக்கு என் வணக்கம். அம்மாவைக் கவனித்துக்கொள்ளவும்.

இப்படிக்கு
பீமா

கூடல் நகர், மதுரை
11.8.2024

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். உன் மூக்குக்கு அம்மா ஒரு குரங்குக் குல்லா பின்னச் சொல்லியிருக்கிறாள்.

முனிச்சாலையில் டாக்டர் காவ்யஸ்ரீயைப் போய்ப் பார்த்தேன். பல் சீர்செய்வதற்கென்றே தனியாகப் படித்தவர். சீட்டு எழுதுவது அவருடைய அம்மா சூடாமணி. நான் போனதும் கேட்ட முதல் கேள்வி, கிளிப் போட்டால் விசில் அடிக்க முடியுமா என்பதுதான். டாக்டர் கையிலிருந்த கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டார். "எங்கிட்ட எல்லாரும் கல்யாணத்துக்குள்ள முடிஞ்சிருமாண்டுதான் கேப்பாங்க" என்றார். நான் புறாக் கதையைச் சொன்னதும் அம்மாவும் மகளும் அவர்கள் சௌராஷ்டிர மொழியில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். நடுவில் "புறா" மட்டும் எனக்குப் புரிந்தது.

வாயை முழுக்கப் படம் எடுத்து, அச்சும் எடுத்துப் பார்த்துவிட்டு எல்லா வழிகளையும் சொன்னார். நீ பயமுறுத்திய பிசின் ஒரு மணி நேர வேலைதான். ஆனால் என் சந்துக்கு அதைப் பூசினால் முன்பற்கள் இரண்டும் மண்வெட்டி அகலத்துக்கு வந்துவிடுமாம். கீழ்வரிசையில் இடித்துக்கொண்டு நிற்கும் பற்களும் அப்படியேதான் நிற்கும். அலைனர் என்கிற அந்தக் கண்ணாடி வகை பார்வைக்குத் தெரியாது. சாப்பிடும்போதும் பல் துலக்கும்போதும் தவிர நாள் முழுக்கப் போட்டிருக்க வேண்டும். கழற்றி வைத்து மறந்தால் பல் நகராது, விலையும் கூடுதல். பல் நிறத்திலேயே கிளிப் இருக்கிறது, அது கொஞ்சம் சீக்கிரம் உடையும். பல்லுக்குப் பின்பக்கம் ஒட்டுவதும் உண்டு. அது நாக்கை உரசும், பேச்சு கொஞ்ச நாள் குழறும், வாத்தியார் வேலைக்கு வேண்டாம் என்றார். சாதாரண ஸ்டீல் கிளிப்தான் என் வாய்க்குச் சரி, மாதாமாதம் வந்து கம்பியை முறுக்கிக்கொள்ள வேண்டும். வயது ஒரு தடையே இல்லையாம், ஈறும் எலும்பும் பலமாக இருந்தால் போதும்.

இன்னொன்றும் சொன்னார். மேலுதட்டிலிருந்து ஒரு சதை இறங்கி இரண்டு பல்லுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. சந்து மூடியபின் அதைச் சின்னதாக வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் பற்கள் பழையபடி விலகிவிடும். எல்லாம் முடிந்தாலும் ராத்திரியில் ஒரு தகடு போட்டுக்கொண்டுதான் தூங்க வேண்டும். உனக்கும் அந்தச் சதை இருக்கும், கண்ணாடியில் பார்.

சாயங்காலம் கழற்றி வைத்துவிட்டு விசிலடி என்று எழுதியிருக்கிறாய். கழற்றினால் கையில் அலைனர்தான் வரும் தம்பி, சந்து வராது. எந்த வழியில் போனாலும் கடைசியில் விசில் போய்விடும். ஊர்ப்பட்ட பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன், என் தம்பிக்கு இது தெரியவில்லை.

உன் பனியும் அந்த மாடியும் என் மனதிலேயே நிற்கின்றன. அதனால் இதை உன்னிடம் விடுகிறேன். வேண்டாம் என்று நீ ஒரு வார்த்தை எழுதினால் போடவில்லை. மனத்தாங்கல் இல்லாமல்தான் சொல்கிறேன். இல்லை, கொஞ்சம் மனத்தாங்கலோடுதான் சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

கூடல் நகர், மதுரை
22.9.2024

அன்புத் தம்பிக்கு,

நலமாக இருக்கிறாயா? உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. உங்கள் பக்கம் மலை சரிந்து பாதை அடைபட்டதாகச் செய்தியில் சொன்னார்கள். அதனால்தான் கடிதம் இல்லை என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். கோபமாக இருந்தாலும் நலம் என்று ஒரு வரி போடு.

டாக்டர் கொடுத்த தேதியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன். சூடாமணி அம்மா நேற்றுக் கூப்பிட்டு, "என்னம்மா, புறா உத்தரவு குடுத்துருச்சா?" என்று கேட்டார்.

கிளிப் என்றதும் முதலில் குதித்தது அம்மாதான். முப்பது வயசுக்கு மேல வாய்க்குள்ள கோழிக்கூண்டா என்று இரண்டு நாள் பேசவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், நான் கேட்காமலே சொன்னாள். "ஒங்கப்பாவும் சிரிக்கிறப்ப துண்ட வச்சு வாயப் பொத்திக்குவாரு. விசிலடிக்கிறப்ப மட்டுந்தான் அந்தப் பல்ல நான் பாத்துருக்கேன். நீ போட்டுக்க." அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன்.

பெண் வீட்டாருக்குக் காட்ட வசந்தத்திலேயே அத்தைக்கு உன் படத்தை அனுப்பினாயாமே. எங்களுக்கும் ஒன்று அனுப்பு. நன்றாகச் சிரித்தபடி இருக்கட்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அக்கா

மலைச் சாவடி
6.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். பாதை அடைபட்டது உண்மை. திறந்த பிறகும் நான் எழுதவில்லை என்பதும் உண்மை. எழுதி எழுதிக் கிழித்தேன்.

கிளிப் போட்டுக்கொள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஸ்டீல் கிளிப்பே போடு, மெதுவாக ஆவதுதான் நல்லது. புறாக்கள் இறங்காவிட்டால் கருப்பு அண்ணனுக்கே போகட்டும். இருளாயியை மட்டும் எப்படியாவது... இல்லை, அவளும் போகட்டும். உன் சிரிப்புதான் பெரிது.

படம் பிறகு அனுப்புகிறேன்.

பீமா

கூடல் நகர், மதுரை
5.11.2024

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நலம், என் வாயைத் தவிர. கிளிப் போட்டாகிவிட்டது. முதலில் சொத்தையை அடைத்து, சுத்தம் செய்து, பிறகு ஒவ்வொரு பல்லிலும் ஒரு பொத்தானை ஒட்டிக் கம்பியைக் கோத்தார்கள். ஒட்டும்போது வலியே இல்லை. மறுநாள் காலையில் இட்லியை மெல்ல முடியவில்லை. இட்லியை, தம்பி. கன்னத்தின் உட்பக்கம் உரசிப் புண் வந்தது. கம்பி முனையில் ஒட்டிக்கொள்ள மெழுகு கொடுத்திருக்கிறார்கள். தீபாவளிக்கு அம்மா சுட்ட முறுக்கை எல்லோரும் என் கண்ணெதிரே நொறுக்கினார்கள், நான் பால் பாயசம் குடித்தேன். உன் மாமா, "மாப்ளட்ட சொல்லு, வீட்ல சண்டையே இல்ல, அவளால பல்ல நறநறண்டு கடிக்க முடியல" என்று எழுதச் சொன்னார்.

வகுப்பில் முதல் நாள் கையை வாயிலிருந்து எடுக்காமலே பாடம் நடத்தினேன். கடைசி வரிசைப் பையன் எழுந்து நின்று தன் பல்லைக் காட்டினான். அவன் வாயிலும் கம்பி. அதற்கு மேல் எப்படி மூடிக்கொண்டிருப்பது?

விசில் விஷயத்துக்கு வருகிறேன். முதல் சாயங்காலம் விசிலுக்குப் பதில் எச்சில்தான் வந்தது. உதட்டில் கம்பி இடிக்கிறது, காற்று எங்கெங்கோ போகிறது. புறாக்கள் வட்டமடித்துக்கொண்டே இருந்தன. இருளாயி கருப்பு அண்ணன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் போய் உட்கார்ந்துவிட்டாள். தொட்டி மாடிக் கணக்கில் வருமா வராதா என்று அவரும் உன் மாமாவும் தெருவில் நின்று வாதாடினார்கள். அதற்குள் எனக்கு ஒரு மாதிரி விசில் பிடிபட்டது. பழைய சத்தம் இல்லை, கொஞ்சம் பிசிறு. அவள் கழுத்தைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு வந்துவிட்டாள். கூண்டை உடனே பூட்டினேன்.

யோக்கியதை இல்லை என்று எழுதியிருந்தாயே, என்ன யோக்கியதை? எனக்குப் புரியவில்லை. குல்லா அனுப்பியிருக்கிறேன், காதை மூடிப் போடு.

கம்பி வாயுடன்
அக்கா

மலைச் சாவடி
30.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

குல்லா வந்தது. கூட இருக்கும் பஞ்சாபிக்காரன் அதைப் போட்டுக்கொண்டு தர மாட்டேன் என்கிறான். மற்றபடி சுகம்.

வாய்ப்புண்ணுக்கு உப்புத் தண்ணீரில் கொப்பளி. இருளாயி வந்துவிட்டாள் என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இங்கே எனக்குக் காய்ச்சல் ஒன்றும் இல்லை, ஆனாலும் கண்ணில் தண்ணீர் வந்தது.

கேட்ட படம் இத்துடன் இருக்கிறது. குளிர் அதிகம் என்பதால் கழுத்துத் துணியைக் கொஞ்சம் மேலே சுற்றியிருக்கிறேன்.

அம்மாவுக்கும் மாமாவுக்கும் வணக்கம்.

பீமா

கூடல் நகர், மதுரை
19.1.2025

அன்புத் தம்பிக்கு,

பொங்கல் நல்லபடி முடிந்தது. எல்லோரும் நலம். கரும்பை அம்மா சின்னச் சின்னத் துண்டாக நறுக்கிக் கொடுத்தாள், கடைவாயில் ஒதுக்கிச் சாறு உறிஞ்சினேன். உன் படம் கிடைத்தது. அது என் தம்பியா, துணிக்கடை வாசலில் நிற்கும் பொம்மையா என்று அம்மா சந்தேகப்படுகிறாள். கண்ணும் மூக்கும்தான் தெரிகிறது.

சந்து நன்றாகக் குறைந்துவிட்டது. பாதிக்குமேல் மூடியாயிற்று. பதினொன்றாம் வகுப்புக்கு ஒலி அலைப் பாடம் நடத்தும்போது என் விசிலையே சோதனைக்கு எடுத்துக்கொண்டோம். சத்தத்தின் சுருதியைக் காட்டும் செயலி ஒன்றைப் பிள்ளைகள் கைபேசியில் இறக்கினார்கள். ஒவ்வொரு தடவை கம்பி முறுக்கிவிட்டு வரும்போதும் நான் மைதானத்தில் நின்று விசிலடிக்க வேண்டும், அவர்கள் வரைபடம் போடுவார்கள். சந்து குறுகக் குறுகச் சத்தம் மெலிந்து சுருதி மேலே ஏறுகிறது. புதுத் தலைமையாசிரியர் ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

கம்பி முறுக்கிய அன்று புறாக்கள் கொஞ்சம் தயங்குகின்றன, மறுநாள் சரியாகிவிடுகிறது. ஆனாலும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. முழுதும் மூடிய பிறகு ஊத என்ன மிஞ்சும்? கருப்பு அண்ணன் புதுக் கூண்டு அடித்துக்கொண்டிருக்கிறார்.

விடுமுறை கிடைக்குமா?

அக்கா

மலைச் சாவடி
16.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். விடுமுறை கிடைத்துவிட்டது. அழகர் ஆற்றில் இறங்கும்போது நான் மதுரையில் இருப்பேன். அம்மாவிடம் சொல்லவும், தபால்காரரிடமும் சொல்லவும்.

கரும்பு எழுதியிருந்தாய். துண்டு நறுக்கினாலும் முன்பல் பக்கமே கொண்டுபோகாதே. விளிம்பில் பிசின் பெயர்ந்து வந்துவிடும், நாக்கு அங்கேயே போய்ப் போய் நிற்கும், பெரிய தொல்லை.

மற்றவை நேரில்.

பீமா

கூடல் நகர், மதுரை
20.4.2025

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நலம். சந்து மூடிவிட்டது. நடுவிலிருந்த சதையையும் டாக்டர் போன வாரம் வெட்டிவிட்டார். மரத்துப்போக ஊசி போட்டார், சோறு வடிக்கும் நேரத்துக்குள் வேலை முடிந்தது. கண்ணாடியில் பார்த்தால் அது என் வாய்தானா என்று இருக்கிறது. கம்பியோடுதான், இன்னும் ஒரு வருஷம் கம்பி இருக்கும், ஆனாலும் பார்த்துக்கொண்டே நின்றேன்.

புண் ஆறும்வரை விசிலடிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். அதனால் புறாக்களைக் கூண்டிலேயே வைத்து இரை போடுகிறோம். கூண்டுக்குள் இருளாயி என்னை முறைக்கிறாள். நீ வந்ததும் திறப்போம். நீயே விசிலடித்து இறக்கிவிடு. எனக்கு இனி சந்து இல்லை, உன்னுடையது இருக்கிறதே.

பின்குறிப்பு: எனக்கு ஸ்டீல் கிளிப் போட்டிருக்கிறார்கள். பிசின் பூசவில்லை. யாருக்குப் பூசினார்கள் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பத்திரமாக வந்து சேர்.

அக்கா

மலைச் சாவடி
8.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். அம்மா கட்டிக்கொடுத்த பொடி வகைகளைப் பஞ்சாபிக்காரன் பாதி தீர்த்துவிட்டான். நீங்கள் எல்லோரும் நலமா?

மாடியில் நடந்ததை நீ உன் பக்கத்திலிருந்து பார்த்தாய். என் பக்கத்தையும் எழுதிவிடுகிறேன், நேரில் சொல்ல வாய் வரவில்லை.

ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே நீ என் உதட்டைத்தான் பார்த்தாய். கறிக்குழம்பு சாப்பிடும்போதும் பார்த்தாய். சாயங்காலம் கூண்டைத் திறந்ததும் அத்தனையும் மேலே போய் வெயிலில் சுற்றின. அடுத்த தெரு மாடியில் கருப்பு அண்ணன் கம்பு டப்பாவோடு நின்றார். நீ என்னைப் பார்த்து, "அடிடா" என்றாய். ஊதினேன். வெறும் காற்று. இன்னொரு தடவை ஊதினேன், அதுவும் காற்று. இருளாயி கருப்பு அண்ணன் பக்கம் திரும்பி இறங்க ஆரம்பித்தாள். அப்போதுதான் வாயைத் திறந்து உனக்குக் காட்டினேன். நீ சண்டைக்கு வருவாய் என்று நினைத்தேன். "தள்ளு" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவரோரம் போய் நின்றாய்.

நீ கொடுத்தது விசிலே இல்லை. குக்கர் அடங்கும்போது ஒரு சத்தம் வருமே, அதுதான். அதற்குப் போய் இருளாயி நடுவானத்தில் திரும்பினாள். நம் தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கினாள், மற்றவையும் அவள் பின்னாலேயே வந்தன. கருப்பு அண்ணன் டப்பாவை மூடிக்கொண்டு, "அந்தப் புள்ள பாம்பு மாதிரி சீறுது, அதுக்கும் எறங்குதுகளேடா" என்றார்.

ரயிலில் வரும்போதெல்லாம் அதையே யோசித்தேன். உன் பல் மாதாமாதம் கொஞ்சமாக நகர்ந்தது, சத்தமும் கொஞ்சமாக மாறியது, அவையும் உன்னோடு கூடவே மாறிக்கொண்டன. நான் ஒரு மணி நேரத்தில் மூடிக்கொண்டு வந்து நின்றேன். அவை என்னை எப்படிக் கண்டுபிடிக்கும்?

உன் முதல் கடிதத்துக்கு முன்பே, போன வருஷ வசந்தத்தில், பெண் வீட்டாருக்கு அனுப்பும் படத்துக்காகக் கீழே நகரத்தில் போய்ப் பிசின் வைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. என் விசில் அன்றைக்கே போய்விட்டது. மிச்சமிருந்தது உன்னுடையது ஒன்றுதான், அதனால்தான் உனக்குக் கிளிப் வேண்டாம் என்றேன். இதில் இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பெண் வீட்டார் அத்தையிடம் கேட்டார்களாம், "மாப்பிள்ளை நல்லாத்தான் இருக்காரு, ஏன் வாயவே தெறக்கல?" பல்லைச் சரிசெய்துகொண்டு போயும் வழக்கத்தில் வாயை இறுக்கிக்கொண்டே படம் எடுத்திருக்கிறேன் அக்கா.

ஆற்றங்கரைக் கூட்டத்தில் கடலை மிட்டாய் கடித்துப் பிசின் ஒரு ஓரம் உடைந்ததும் உனக்குத் தெரியும். டாக்டர் காவ்யஸ்ரீ பார்த்துவிட்டு, இனி எதுவானாலும் அவசரமில்லாமல் செய்யலாம் என்றார். அப்படியே விட்டிருக்கிறேன்.

அம்மாவுக்கு வணக்கம்.

பீமா

கூடல் நகர், மதுரை
22.6.2025

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகம். உன் கடிதம் வந்த அன்று தபால்காரருக்கு முழு டம்ளர் மோர் கிடைத்தது, கூட ஒரு அதிரசமும். கருப்பு அண்ணன் நேற்று வீட்டுக்கு வந்தார். புறாவைப் பற்றி இருக்கும் என்று உன் மாமா மார்பை நிமிர்த்திக்கொண்டு போனார். அவர் மகள் ஆர்த்திகாவுக்குக் கிளிப் போட வேண்டுமாம், எந்த டாக்டர் என்று கேட்டுக்கொண்டு போனார்.

பிசின் உனக்குத்தான் என்பது கொய்யாப்பழத்திலேயே எனக்கு லேசாகத் தட்டியது. கரும்பில் உறுதியாகிவிட்டது. நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன். எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. நான் கையை வைத்து மறைத்தேன், அப்பா துண்டை வைத்து மறைத்தார், நீ பிசினை வைத்து மறைத்தாய். அவ்வளவுதான் வித்தியாசம். அடுத்த விடுமுறைக்கு வரும்போது எப்படி வேண்டுமானாலும் வா. விசிலுக்கு நான் இருக்கிறேன்.

அத்தை மூலம் அந்தப் பெண் வீட்டார் வேறு படம் கேட்கிறார்கள். அதற்காக ஒன்று அச்சடித்து வைத்திருக்கிறேன், உனக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன். அன்று மாடியில் புறாக்கள் இறங்கியபோது உன் மாமா நமக்குத் தெரியாமல் எடுத்தது. நீ அண்ணாந்து பார்த்து வாய் நிறையச் சிரிக்கிறாய். பக்கத்தில் நான் சிரிக்கிறேன், வெயில் பட்டுக் கம்பியெல்லாம் பளபளக்கிறது. பள்ளியில் காட்டினேன், எல்லோரும் என் பல்லைத்தான் பார்த்தார்கள்.

நீ என் கையைத் தேடிப் பார். தலைக்கு மேலே இருக்கிறது. அதில் இருளாயி உட்கார்ந்திருக்கிறாள்.

குளிருக்குக் கழுத்துத் துணியைச் சுற்றிக்கொள், வாயை மட்டும் மூடாதே.

உன் அக்கா
தமிழ்வாணி